பேட்டரியின் கடைமடை

சோலார் வைத்த வீட்டில் பேட்டரி ஒன்றரை வருஷத்தில் படுத்துவிட்டால், பழி முதலில் பேட்டரி கம்பெனி மீது விழும். அடுத்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறந்த வீட்டுக்காரர் மீது. சுவரில் கையகலப் பெட்டியாகத் தொங்கிக்கொண்டிருக்கும் சார்ஜ் கன்ட்ரோலரை யாரும் சந்தேகப்படுவதில்லை. அதில்தான் பச்சை விளக்கு எரிகிறதே! அந்தப் பெட்டியை வடிவமைப்பது என் தொழில். அதனாலேயே என் சந்தேகம் முதலில் அதன் மேல்தான் போகும்.

பெட்டியின் வேலை என்ன என்று கேட்டால் மூன்று வரியில் சொல்லிவிடலாம். 36 செல் கொண்ட பேனல் வெயிலில் 18 வோல்ட் வரை தரும். எதிலும் இணைக்காமல் விட்டால் 21, 22 வோல்ட்கூடக் காட்டும். 12 வோல்ட் பேட்டரியில் அதை அப்படியே கொடுத்துக்கொண்டே இருந்தால், நிறைந்த பிறகு வரும் கரன்ட் முழுவதும் தண்ணீரை ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரித்துப் பொங்கவைக்கும், பிளேட்டுகளை அரிக்கும். ஆகவே நிறைந்ததும் தடுக்க வேண்டும். இரவில் பேட்டரியிலிருந்து பேனலுக்குக் கரன்ட் பின்னோக்கிக் கசியாமல் பார்க்க வேண்டும். பேட்டரி வற்றும்போது விளக்கையும் ஃபேனையும் துண்டிக்க வேண்டும். இந்த மூன்றையும் செய்கிற சர்க்யூட்டை ஒரு பாலிடெக்னிக் மாணவர் ஒரே மாலையில் போட்டுவிடுவார். அப்படியிருந்தும் பேட்டரிகள் ஏன் அற்ப ஆயுசில் போகின்றன?

பெரும்பாலான பெட்டிகள் அதிகம் தின்பதால் வரும் சாவைத் தடுக்கவே பிறந்தவை. சோலாரில் பேட்டரிகள் பட்டினியால்தான் சாகின்றன என்பது என் கட்சி.

காரணம் வேதியியலில் இருக்கிறது. 1859இல் கஸ்தோன் பிளாந்தே செய்த ஈய-அமில பேட்டரியின் அடிப்படை இன்றும் மாறவில்லை. மின்சாரத்தை எடுக்கும்போது இரண்டு வகைப் பிளேட்டின் மேலும் லெட் சல்ஃபேட் படிகிறது, ஆசிட் நீர்த்துப்போகிறது. சார்ஜ் செய்யும்போது சல்ஃபேட் கரைந்து ஆசிட் பழைய நிலைக்குத் திரும்புகிறது. புதிதாகப் படிந்த சல்ஃபேட் மாவுபோல மென்மையாக இருப்பதால் சுலபமாகக் கரையும். நாள்கணக்கில் விட்டால் அதுவே பெரிய படிகங்களாக இறுகிவிடும். பிறகு எத்தனை வோல்ட் கொடுத்தாலும் அந்த இடம் பிளேட்டில் செத்த இடம்தான்.

கரன்ட் கம்பியில் ஓடும் இன்வெர்ட்டருக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. இரவு முழுக்க நிதானமாகச் சார்ஜ் ஏறும். சூரியனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரத்து முழு வெயிலுக்குச் சமமான ஒளிதான் பேனலுக்குக் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் இல்லை. பேட்டரியோ முதல் எண்பது, எண்பத்தைந்து விழுக்காட்டை அவசரமாக வாங்கிக்கொண்டு, மீதியை மணிக்கணக்கில் இழுக்கும். வாய்க்கால் பாசனம் பார்த்தவர்களுக்கு இது புரியும். தலைமடை வயல்கள் சீக்கிரம் நிறைந்து வரப்பு வழியும். அதைப் பார்த்து மதகை அடைத்துவிட்டால் கடைமடை காய்ந்துதான் கிடக்கும். கொஞ்சமாகத் தண்ணீரை விட்டபடியே நெடுநேரம் காத்திருந்தால்தான் அங்கே போய்ச் சேரும். பேட்டரியில் கடைமடைக்கு நீர் காட்டும் வேலைக்கு அப்சார்ப்ஷன் என்று பெயர். 14.4 வோல்ட்டைத் தொட்டதும் நிறுத்திவிடாமல், அதே வோல்ட்டில் இரண்டு மணி நேரமாவது பிடித்துவைத்துக் கரன்டைத் தானாக இறங்கவிட வேண்டும். பிறகுதான் 13.6 போன்ற ஃப்ளோட் அளவுக்குக் கீழிறக்கலாம். மலிவான ஆன்-ஆஃப் பெட்டிகள் 14.4ஐத் தொட்டதுமே வெட்டி, 13.2க்கு வந்த பிறகுதான் மறுபடி சேர்க்கும். அதற்குள் நல்ல வெயில் போயிருக்கும்.

ஜவ்வாது மலையில் ஒரு மாணவர் விடுதிக்குப் பழைய சோலாரைப் பார்க்கப் போயிருந்தேன். 75 வாட் பேனல் இரண்டு, 150 ஏ.எச். ட்யூப்ளர் பேட்டரி ஒன்று. வார்டன் சலித்துப்போயிருந்தார். "காலைல பத்தரைக்கெல்லாம் பச்சை லைட்டு வந்துடுதுங்க சார், ஃபுல்லுன்னு காட்டுது. ராத்திரி எட்டு மணிக்கு எல்லாம் இருட்டு. பேட்டரி டூப்ளிகேட்டுங்களா?" என்றார்.

மூடியைக் கழற்றி ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தேன். நிறைந்த ட்யூப்ளருக்கு ஆசிட்டின் அடர்த்தியைச் சொல்லும் கிராவிட்டி 1240 வர வேண்டும். ஆறு செல்லிலும் 1175, 1180. ஒரு செல் மட்டும் தனியாக இறங்கியிருந்தால் பேட்டரியைக் குறை சொல்லலாம். ஆறும் ஒன்றுபோலப் பட்டினி கிடந்தால் குறை வெளியே இருக்கிறது. பேட்டரி வராந்தாவில் இருந்தது. பெட்டி வார்டன் அறைக்குள். நடுவே ஆறு மீட்டருக்கு, வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய 1.5 ஸ்கொயர் ஒயர். பேனலிலிருந்து ஏழு ஆம்பியர் வந்துகொண்டிருந்தபோது பெட்டியின் முனையில் 14.4 வோல்ட். மல்டிமீட்டரோடு வராந்தாவுக்கு நடந்து பேட்டரி டெர்மினலில் வைத்தால் 13.3.

கணக்கு எளிது. 1.5 ஸ்கொயர் செம்பு, மீட்டருக்குச் சுமார் 13 மில்லி ஓம். போக ஆறு, வர ஆறு, மொத்தம் பன்னிரண்டு மீட்டர். 0.16 ஓமில் ஏழு ஆம்பியர் ஓடினால் 1.1 வோல்ட் ஒயரிலேயே நின்றுவிடும். 230 வோல்ட் வீட்டில் ஒரு வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. இங்கே கதை வேறு. ஓய்வில் இருக்கும்போது நிறைந்த பேட்டரிக்கும் வற்றிய பேட்டரிக்கும் உள்ள வித்தியாசமே முக்கால் வோல்ட்டுதான். பேட்டரியின் வாழ்வும் சாவும் அதற்குள் அடக்கம். அதைவிடப் பெரிய பொய்யை ஒயர் சொல்லிக்கொண்டிருந்தது, பெட்டி நம்பிக்கொண்டிருந்தது. பெட்டியை வராந்தாவுக்கு மாற்றி, பேட்டரிக்கு நேர் மேலே வைக்காமல் ஆசிட் ஆவி படாதபடி தள்ளி மாட்டி, ஒரு மீட்டருக்கு 6 ஸ்கொயர் ஒயர் போட்டதும் இழப்பு 0.05 வோல்ட்டுக்குள் வந்துவிட்டது.

ஒயரை நல்லதாகப் போடுங்கள் என்று கையேட்டில் எழுதிவிட்டு வடிவமைப்பவர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. யாரும் கையேடு படிப்பதில்லை. என் பெட்டிகளில் பேட்டரி டெர்மினலுக்கு இரண்டு மெல்லிய ஒயர்கள் தனியாகப் போகும். அவற்றில் சார்ஜ் கரன்ட் ஓடாது, அளக்க மட்டுமே. கரன்ட் இல்லாத ஒயரில் இழப்பும் இல்லை. சின்னப் பெட்டிகளில் அதற்கும் செலவு செய்ய முடியாதென்றால் இன்னொரு வழி உண்டு. பி.டபிள்யூ.எம். முறையில் மாஸ்ஃபெட் என்ற ஸ்விட்ச் நொடிக்குப் பலமுறை பேனலைத் துண்டித்துத் துண்டித்துச் சேர்க்கிறது. துண்டித்திருக்கும் அந்தச் சில மில்லி நொடியில் வோல்ட்டை அளந்தால் ஒயரின் பொய் கலக்காது. பகலில் விளக்குகள் எரிவதில்லை என்பதால் இது பெரும்பாலும் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கும்.

ஒயருக்கு அடுத்த பொய்யன் வெயில். 14.4 வோல்ட் என்பது பேட்டரி 25, 27 டிகிரியில் இருந்தால்தான் சரி. நம் நாட்டு பேட்டரித் தரங்கள் 27 டிகிரியை அடிப்படையாக வைக்கின்றன. சூடு ஏற ஏற பேட்டரி குறைந்த வோல்ட்டிலேயே பொங்கத் தொடங்கும். செல் ஒன்றுக்கு, ஒரு டிகிரிக்கு 5 மில்லிவோல்ட் வரை குறைக்கச் சொல்வார்கள். ஆறு செல்லுக்கு 30 மில்லிவோல்ட். சின்ன எண்தான். ஆனால் ஒரே பெட்டியை வேலூரிலும் ஊட்டியிலும் மாட்டிப் பாருங்கள். மே மாதம் வேலூரில் பேட்டரி 42 டிகிரியில் இருந்தால் அதற்குத் தேவை 13.95 வோல்ட். ஜனவரியில் ஊட்டியில் 10 டிகிரியில் இருக்கும் பேட்டரிக்கு 14.9. கிட்டத்தட்ட ஒரு வோல்ட் இடைவெளி. 14.4இல் நிலைத்து நிற்கும் பெட்டி, வேலூர் பேட்டரியைக் கொதிக்கவிட்டு ஊட்டி பேட்டரியைப் பட்டினி போடும். இரண்டு ஊரிலும் பச்சை விளக்கு எரியும்.

வெப்ப உணரி இருக்கிறது என்று பல பெட்டிகளில் அச்சிட்டிருப்பார்கள். திறந்து பார்த்தால் போர்டின் மூலையில், மாஸ்ஃபெட்டின் ஹீட் சிங்கை ஒட்டி ஒரு தெர்மிஸ்டர் உட்கார்ந்திருக்கும். அது அளப்பது பெட்டியின் சூட்டை. பேட்டரி 30 டிகிரியில் இருக்க, பெட்டிக்குள் 50 டிகிரி. உடனே அரை வோல்ட்டுக்கும் மேலாகக் குறைத்துவிடும். உணரியே இல்லாத பெட்டி அதைவிட மேல். தெர்மிஸ்டர் ஒயர் வழியாகப் போய் பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்க வேண்டும், வேறு வழியில்லை. ஒயர் என்றால் எலி உண்டு. எலி கடித்து ஒயர் அறுந்தால் போர்டுக்குக் கடுங்குளிர் என்று தோன்றும்; வோல்ட்டை ஏற்றிக்கொண்டே போகும். அதனால் நம்ப முடியாத எண் வந்தால் உணரியை ஒதுக்கிவிட்டு 35 டிகிரி என்று வைத்துக்கொள் என எழுதிவைக்கிறேன். நண்பர்கள் 25 போதுமே என்பார்கள். நம் ஊர் வெயிலில் 35தான் என் தேர்வு.

அளவுகோலே வளைந்திருந்தால் இத்தனை கவனமும் வீண். சந்தையில் கிடைக்கும் பல போர்டுகளில் மைக்ரோகன்ட்ரோலர் தனக்கு வரும் 5 வோல்ட்டையே அளவுகோலாக வைத்து பேட்டரியை அளக்கும். அந்த 5 வோல்ட்டைத் தருவது 7805 என்ற ரெகுலேட்டர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கூறு கட்டி விற்கும் சரக்கு. அதன் டேட்டாஷீட்டே 4.8 முதல் 5.2 வரை எங்கே வேண்டுமானாலும் இருப்பேன் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. நாலு விழுக்காடு. அதாவது 14.4 என்று நீங்கள் எழுதிய எண் ஒரு பெட்டியில் 13.8 ஆகவும் பக்கத்துப் பெட்டியில் 15 ஆகவும் வேலை செய்யும். வோல்ட்டைப் பிரித்துத் தரும் இரண்டு ரெசிஸ்டர்களும் 5 விழுக்காட்டு ரகமாக இருந்தால், மோசமான சேர்க்கையில் இன்னும் ஒரு வோல்ட் போகும். ஒரு விழுக்காட்டு ரெசிஸ்டருக்கு ஆகும் கூடுதல் செலவு சில பைசாக்கள். டி.எல்.431 போன்ற ரெஃபரென்ஸ் ஐ.சி. ஒரு டீ விலைகூட இல்லை. இவற்றில் மிச்சம் பிடிப்பவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

நல்ல பாகம் போட்டாலும் ஒவ்வொரு போர்டையும் பெஞ்சில் வைத்து, சரியாக 14.40 வோல்ட் கொடுத்து, அது என்ன படிக்கிறது என்று பார்த்து, வித்தியாசத்தை அதன் மெமரியிலேயே எழுதிவிடுகிறோம். பிறகு பெட்டியை மூடி, முழு ஆம்பியரில் ஓடவிட்டு, உள்ளே சூடேறியதும் மறுபடி படிக்கிறோம். குளிர்ந்த போர்டு சொல்வதைச் சூடான போர்டும் சொன்னால்தான் அனுப்புவது.

மாஸ்ஃபெட் பற்றி ஒரு வார்த்தை. 8 மில்லி ஓம் என்ற விளம்பரத்தைப் பார்த்து ஐ.ஆர்.எஃப்.3205ஐப் போட்டுவிட்டு, கேட்டுக்கு மைக்ரோகன்ட்ரோலரின் 5 வோல்ட்டை நேராகக் கொடுப்பார்கள். அந்த 8 மில்லி ஓம், கேட்டில் 10 வோல்ட் கிடைத்தால்தான். 5 வோல்ட்டில் கதவு முழுதாகத் திறக்காது, பெட்டி அடுப்பாகும். டிரைவர் போடுங்கள், அல்லது 5 வோல்ட்டில் திறக்கும் ரகத்தை வாங்குங்கள்.

"இது எம்.பி.பி.டி. தானே?" என்று வாங்குபவர்கள் எல்லாருமே கேட்கிறார்கள். பேனலின் கூடுதல் வோல்ட்டைக் கரன்டாக மாற்றித் தரும் முறை அது. 60 செல், 72 செல் பேனலை 12 வோல்ட் பேட்டரியோடு சேர்ப்பதானால் எம்.பி.பி.டி. கட்டாயம். இல்லாவிட்டால் பாதி மின்சாரம் வீண். ஆனால் 36 செல் பேனல், நம் வெயிலில் செல் 60 டிகிரிக்கு ஏறும்போது 18 வோல்ட்டிலிருந்து 15 வோல்ட் பக்கம் இறங்கிவிடும். அங்கே எம்.பி.பி.டி. மிச்சம் பிடித்துத் தருவது சொற்பம். அந்தக் காசில் நல்ல ஒயர் வாங்கலாம். பி.டபிள்யூ.எம். பெட்டிக்கு எம்.பி.பி.டி. ஸ்டிக்கர் ஒட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். உள்ளே தடிமனான காயில் ஒன்று இல்லையென்றால் அது எம்.பி.பி.டி. இல்லை.

எனக்கு அதிகம் பிடித்ததும் அதிகம் படுத்தியதும் லோ கட்தான். பல பெட்டிகளில் 10.8 வோல்ட்டில் லோடைத் துண்டிக்கிறார்கள். அந்த எண் பத்து மணி நேரச் சோதனையிலிருந்து வந்தது. 150 ஏ.எச். பேட்டரியிலிருந்து 15 ஆம்பியரை இழுத்தால் எங்கே நிறுத்துவது என்பதற்கான கணக்கு. வீட்டில் இரண்டு எல்.இ.டி. விளக்கும் ஒரு சின்ன ஃபேனுமாக 2 ஆம்பியர் போகிற இடத்தில் 10.8 வரும்போது பேட்டரி ஒட்ட வற்றியிருக்கும். நான் 11.6 பக்கம் வைக்கிறேன். லோடு கூடினால் கொஞ்சம் இறக்கிக்கொள்ளும். துண்டித்ததும் பேட்டரி பெருமூச்சு விட்டு 12.2க்கு எழும். அதைச் சார்ஜ் என்று நம்பி மறுபடி சேர்த்தால் விளக்கு மின்மினியாகும். வெயில் வந்து, 12.8ஐத் தாண்டி, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றால்தான் திரும்பச் சேர்க்க வேண்டும்.

எண்கள் சரி. மனிதர்கள்? இரவு எட்டரைக்குப் பட்டென்று இருட்டானால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? பெட்டியைத் தாண்டி பேட்டரி டெர்மினலில் நேராக ஒயரைச் சுற்றிவிடுவார். "பொண்ணு பரிட்சைக்குப் படிச்சிட்டு இருந்துச்சு சார், நான் என்ன பண்றது?" என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாயில்லை. பேட்டரியைக் காப்பாற்றுகிறேன் என்று ஆளை இருட்டில் உட்காரவைக்கும் பெட்டியை அவர் தாண்டித்தான் போவார். இப்போது 11.9க்கு வந்ததும் விளக்குகளைப் பாதி வெளிச்சத்துக்கு இறக்குகிறேன். கரன்ட் பாதியாகிறது, நேரம் நீள்கிறது. முக்கியமாக, வீட்டுக்கு எச்சரிக்கை கிடைக்கிறது. ஃபேனை நிறுத்துவதா, விளக்கை நிறுத்துவதா என்று அவர்களே முடிவு செய்துகொள்கிறார்கள். நேர் ஒயர் போடுவது கண்கூடாகக் குறைந்தது.

பெட்டிக்குள் ஒரு சின்னக் கணக்கும் ஓடுகிறது. இன்று பேட்டரி உண்மையில் நிறைந்ததா? 14.4இல் வோல்ட் நிற்கும்போது, பேட்டரி வாங்கும் கரன்ட் அதன் கொள்ளளவில் ஐம்பதில் ஒரு பங்குக்குக் கீழே, 150 ஏ.எச்.சுக்கு 3 ஆம்பியருக்குக் கீழே, இறங்கினால் நிறைந்தது என்று பொருள். மேகம் மூடினாலும் கரன்ட் இறங்குமே என்று கேட்கலாம். மேகமென்றால் வோல்ட்டும் சேர்ந்து விழும். நிறைந்ததென்றால் வோல்ட் அசையாது. ஐந்து நாள் தொடர்ந்து நிறையவில்லை என்றால் பெட்டி தன் குணத்தை மாற்றிக்கொள்ளும். லோ கட் 12 வோல்ட்டுக்கு ஏறும். அடுத்த நல்ல வெயிலில் அப்சார்ப்ஷன் இரண்டு மணியிலிருந்து நாலு மணியாகும். திறந்து தண்ணீர் ஊற்றும் பேட்டரியாக இருந்தால் மாதம் ஒருமுறை 15 வோல்ட் வரை ஏற்றி லேசாகக் குமிழவிடும். அடியில் தங்கிய கனமான ஆசிட் மேலே கலக்கும். சீல்டு பேட்டரிக்கு இதைச் செய்யவே கூடாது.

இப்போது எல்லாரும் லித்தியத்துக்கு மாறுகிறார்கள். இரும்பு பாஸ்பேட் ரகத்தில் நாலு செல் சேர்ந்தது 12 வோல்ட் பேக். அதற்குக் கடைமடைக் கவலை கிடையாது. பாதியில் நின்றாலும் சல்ஃபேட் படியாது. செல்லுக்கு 3.65 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் வேறொரு கண்ணி இருக்கிறது. பழைய பெட்டியை அப்படியே மாட்டினால், மாதாந்தர 15 வோல்ட் வரும் நாளில் பேக்குக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்டான பி.எம்.எஸ். தன்னைப் பட்டென்று துண்டித்துக்கொள்ளக்கூடும். அந்தக் கணம் பெட்டிக்கு பேட்டரியே இல்லை. பேனலின் 21 வோல்ட் நேராக விளக்குகளுக்குப் பாயும். மென்பொருள் அதைக் கவனித்து முடிவெடுப்பதற்குள் பல்புகள் போய்விடும். லோடு வாயில் 16 வோல்ட்டைத் தாண்டினால் கம்பாரேட்டரே உடனே துண்டிக்கும்படி வன்பொருளிலேயே வைப்பதுதான் சரி.

உங்கள் வீட்டில் சோலார் பேட்டரி இருந்தால், நல்ல வெயில் நாளில் பதினொரு மணிக்கு ஒரு மல்டிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் பேட்டரி முனையில் ஒருமுறை, பேட்டரி டெர்மினலில் ஒருமுறை அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.2 வோல்ட்டைத் தாண்டினால் புது பேட்டரி வாங்குவதற்கு முன் ஒயரை மாற்றுங்கள். புதுப் பெட்டி வாங்கப் போனால் எத்தனை ஆம்பியர் என்று கேட்பதோடு நிற்காமல், பேட்டரியில் ஒட்டும் வெப்ப உணரி ஒயர் அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.